போர் வேறு விதமாக முடிந்திருந்தால்: அரிசியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் வென்று, நேதாஜியின் படை தில்லிக்குள் நுழைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கற்பனையில் ஒரு நாவல் எழுத நினைக்கிறேன். வாசகர் நம்பும்படி இதை எழுத முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எழுத முடியும். தமிழில் எழுதப்படவே வேண்டிய கதை அது என்றும் நம்புகிறேன். தில்லியில் வசிக்கும் நான், இதே கருவில் ஒரு நாவலுக்காகச் சில ஆண்டுகளாகக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், உங்கள் கேள்வியில் உள்ள இரண்டு கற்பனைகளில் முதலாவதை, அதாவது ஜப்பானின் முழு வெற்றியை, இப்போதே கைவிட்டுவிடுவது நல்லது. அமெரிக்காவின் கப்பல் கட்டும் தளங்களையும் எண்ணெய்க் கிணறுகளையும் தொழிற்சாலைகளையும் எந்த வீரமும் ஈடுகட்டியிருக்க முடியாது. அதை மறைத்து எழுதினால், விவரம் தெரிந்த வாசகர் பத்தாவது பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். போரின் வெற்றி தோல்வியை மாற்றாமல், அது இந்தியாவில் முடிந்த விதத்தை மட்டும் மாற்றுங்கள். அதற்கு ஒரு தந்தி போதும்.

பலருக்கு முதலில் தோன்றும் திருப்புமுனை 1942 ஏப்ரல். ஜப்பானியத் தளபதி நகுமோவின் கடற்படை ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் தாக்கியது. இடையில் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். அதே நாள்களில் தில்லியில் பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் காங்கிரஸ் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். கதாசிரியருக்கு இதைவிடக் கவர்ச்சியான இரண்டு வாரங்கள் கிடைப்பது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலங்கையில் இறக்கும் அளவுக்குப் படைகளை ஒதுக்க ஜப்பானியத் தரைப்படை அப்போது தயாராக இல்லை. கொழும்பைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் மூன்று, இரண்டே மாதத்தில் பசிபிக்கின் மிட்வேயில் கடலுக்கடியில் கிடந்தன. அங்கே வரலாற்றைத் திருப்ப வேண்டுமானால் ஒன்றல்ல, ஐந்தாறு நிகழ்வுகளை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றங்கள் கூடக் கூட நம்பகத்தன்மை குறையும்.

நான் தேர்ந்தெடுத்திருப்பது 1944 ஏப்ரலின் முதல் வாரம், இடம் திமாப்பூர். ஜப்பானியப் படை அப்போது முற்றுகையிட்ட இம்பாலையும் கோஹிமாவையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. திமாப்பூரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கோஹிமாவிலிருந்து 74 கிலோமீட்டர் தொலைவில், ரயில் பாதையை ஒட்டி, 11 மைல் நீளமும் 1 மைல் அகலமுமாக ஒரு ராணுவக் கிடங்கு அங்கே பரந்து கிடந்தது. அரிசி, மாவு, டின் உணவு, பெட்ரோல், வெடிமருந்து, மருந்து என்று எல்லாமே அங்கேதான் இருந்தன. வடக்கு பர்மாவில் போரிட்ட அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல்லின் படைகளுக்கும், இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குப் பறந்த அமெரிக்க விமானங்களின் அஸ்ஸாம் தளங்களுக்கும் வேண்டியவை இதே ரயில் தடத்தில்தான் போயின. பிரிட்டிஷ் பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு விவரம் தருகிறார்: அங்கே சாப்பாட்டுக் கணக்கில் ஏறத்தாழ 45,000 பேர் இருந்தார்கள், அவர்களில் துப்பாக்கி சுடத் தெரிந்தவர்களாகத் திரட்டக்கூடியவர்கள் 500 பேர்தான் என்று அந்தத் தளத்தின் அதிகாரி பதில் சொன்னார்.

இங்கே எதிர்ப்பக்கத்தின் நிலையைப் பாருங்கள். ஜப்பானியத் தளபதி முதாகுச்சியின் பதினைந்தாம் படை பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்தபோது, வீரர்கள் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கான உணவையே சுமந்து வந்தார்கள். எதிரியின் கிடங்கைப் பிடித்துச் சாப்பிடுவோம் என்பதுதான் திட்டம். கோஹிமாவைச் சூழ்ந்த 31ஆவது டிவிஷனின் தளபதி சாட்டோவை, திமாப்பூருக்கு முன்னேறும்படி முதாகுச்சி ஏப்ரல் 8 அன்று பணித்தார். சில மணி நேரத்தில் மேலதிகாரியான கவாபே அதை ரத்து செய்தார். புறப்பட்ட படைப்பிரிவு திரும்பி அழைக்கப்பட்டது. அந்த ஆணை நான்கு நாள் முன்னதாகப் பிறந்து, ரத்தாகாமலும் இருந்திருந்தால், ரயிலில் வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் 2ஆவது டிவிஷன் முழுமையாக இறங்குமுன் கிடங்கு கைமாறியிருக்கக்கூடும். நடந்ததோ வேறு. சாட்டோ, உணவு வரவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, மே 31 அன்று மேலிடத்து உத்தரவையும் மீறிப் பின்வாங்கத் தொடங்கினார். ஜப்பானியர்களில் ஏறத்தாழ 30,000 பேர் இறந்தார்கள். பசியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் குண்டுகளைவிட அதிகமானோரைக் கொன்றன. அவர்களோடு வந்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினருக்கும் அதே கதிதான்.

ஆகவே உங்கள் நாவலின் முதுகெலும்பாக அரிசியை வையுங்கள் என்பதே என் ஆலோசனை. ஆசியாவில் நடந்த அந்தப் போரை அரிசியின் வழியே பார்த்தால்தான் அது தமிழரின் போராகவும் தெரியவரும்.

திமாப்பூர் விழுந்தபின் என்ன நடக்கும் என்பதையும் அதே கணக்கில் பாருங்கள். பட்டினியில் வந்த படைக்குச் சோறு கிடைக்கிறது. ஆனால் லாரிகள் இல்லை, வானத்தில் விமானங்கள் இல்லை. மே இறுதியில் மழை இறங்கிவிடும், பிரம்மபுத்திரா பெருகிவிடும். இம்பாலுக்கு விமானத்தில் உணவு வந்துகொண்டிருந்ததால் அது தாக்குப்பிடிக்கவும் கூடும். எனவே தில்லி ஊர்வலம் எதுவும் இல்லை. நாகா மலையிலிருந்து பிரம்மபுத்திராவின் தென்கரை வரை ஒரு நிலப்பரப்பு, சில மாதங்களுக்கு நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசின் பெயரில் ஆளப்படும், அவ்வளவே. அந்த அரசு இதற்குத் தயாராக இருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். விடுவிக்கப்படும் பகுதிகளுக்கு ஆளுநராக ஏ.சி.சட்டர்ஜி நியமிக்கப்பட்டிருந்தார், 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கியும் திறக்கப்பட்டிருந்தது. ஆனால் நாகா மக்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் தரப்புக்கே உதவினார்கள். தங்கள் நெல்லையும் கால்நடையையும் இழந்த அந்தக் கிராமத்தார், மூவர்ணக் கொடியுடன் வந்தவர்களை எப்படிப் பார்த்திருப்பார்கள்? இந்த அத்தியாயத்தை எழுதாமல் தாண்டிப்போகும் நாவலை நான் நேர்மையான நாவலாகக் கருத மாட்டேன்.

அடுத்து வங்காளம். ஜப்பான் வந்துவிடும் என்ற அச்சத்தில், 1942இல் பிரிட்டிஷ் அரசு கடலோர வங்காளத்தின் நெல்லையும் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளையும் எதிரிக்குக் கிடைக்காமல் அப்புறப்படுத்தியது. பர்மா அரிசி நின்றுபோன நிலையில், 1943இல் வந்த பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். திமாப்பூர் விழுந்திருந்தால் அதே கொள்கை மறுபடியும், இம்முறை அஸ்ஸாமிலும் வடக்கு வங்காளத்திலும், இன்னும் கடுமையாக வந்திருக்கும் என்று எண்ணுகிறேன். அந்த வெற்றியின் முதல் விலையை, பஞ்சத்திலிருந்து எழுந்து நிற்கவே முடியாதிருந்த மக்கள் கொடுத்திருப்பார்கள். நேதாஜியின் மேல் எனக்குள்ள மதிப்பு பெரியது. அந்த மதிப்போடுதான் இதை எழுதுகிறேன்.

தமிழருக்கு இந்தக் கதையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மலாயாவின் பேராக்கிலும் சிலாங்கூரிலும் ரப்பர் பால் மரம் சீவிய தமிழர்களின் பிள்ளைகள்தான் இந்திய தேசிய ராணுவத்திலும் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையிலும் திரளாகச் சேர்ந்தார்கள். அவர்களின் அண்ணன்களையும் தகப்பன்களையும்தான் ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; ஆசியத் தொழிலாளர்களின் சாவு 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தமிழர். என் பாட்டனாரின் தம்பி ஒருவர் அப்படிப் போனவர். சயாமுக்கு ஏற்றிவிட்டார்கள் என்ற செய்தியோடு எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது? பர்மாவில் நின்ற படைக்கு அரிசியும் வெடிமருந்தும் கொண்டுபோகத்தான். இம்பாலை நோக்கிப் போன படைக்கும், அதில் கொடி பிடித்துச் சென்ற தமிழ் இளைஞனுக்கும், பின்னால் இருந்த வழி அதுவே. ஒரே தோட்டத்து லயத்திலிருந்து புறப்பட்ட இருவரில் ஒருவர் தண்டவாளத்தில் செத்தார், மற்றவர் அதன்மேல் ஓடிய ரயிலை நம்பிப் போருக்குப் போனார் என்ற உண்மையை விட்டுவிட்டு எழுதினால், இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதற்கே காரணம் இல்லாமல் போகும்.

அந்தமானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றினார். அடுத்த மாதம் 30ஆம் தேதி, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர். ஜப்பான் தரும் விடுதலை எப்படி இருக்கும் என்பதற்கு அந்தத் தீவே சாட்சி.

இனி தில்லி. 2021 வரை பாதுகாப்பு அமைச்சகத்தின் அலுவலகங்கள் பல, சவுத் பிளாக்கை அடுத்துப் போர்க்காலத்தில் எழுப்பிய தாழ்ந்த கட்டடங்களில்தான் இயங்கின. இங்கே எல்லோரும் அவற்றை ஹட்மென்ட்ஸ் என்றே சொல்வார்கள். அவற்றின் வழியாக நடந்தவர்களுக்கு 1944இன் தில்லியைக் கற்பனை செய்வது எளிது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் அந்த ஏப்ரலில்தான் தில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. திமாப்பூர் விழுந்த செய்தியோடு அந்த இடமாற்றம் சேர்ந்தால், தலைநகரில் அது ஓட்டமாகவே பேசப்பட்டிருக்கும். காங்கிரஸ் செயற்குழு அகமதுநகர்க் கோட்டையில் அடைபட்டிருந்தது. காந்தியடிகள் புனே ஆகா கான் மாளிகையிலிருந்து உடல்நலம் கருதி மே 6 அன்று விடுவிக்கப்பட்டார். என் கதையில் வைஸ்ராய் வேவல் அவரை விடுவிப்பாரா, இன்னும் இறுகப் பூட்டுவாரா? நான் நெடுநாள் யோசித்த இடம் இது. விடுவித்திருக்க மாட்டார் என்பதே என் முடிவு. அதனால் வெளியே இருக்கும் ஒரே பெரிய தலைவராக ராஜாஜி ஆகிறார். 1942 ஏப்ரலில், கொழும்புத் தாக்குதல் நடந்த சில வாரங்களில், முஸ்லிம் லீக்குடன் உடன்பாடு காண வேண்டும் என்று சென்னையில் தீர்மானம் கொண்டுவந்து, அதன் பொருட்டுக் காங்கிரஸைவிட்டே விலகியவர் அவர். அன்று தனித்து நின்ற அந்த மனிதரை, பதற்றத்தில் இருக்கும் வைஸ்ராய் தில்லிக்கு அழைத்திருப்பார். தமிழ் வாசகருக்கு இதைவிட நெருக்கமான அரசியல் அத்தியாயம் வேறு அமையாது.

போர் எப்படி முடியும்? அணுகுண்டுகள் 1945 ஆகஸ்டில் விழத்தான் செய்யும். ஜப்பான் சரணடையத்தான் செய்யும். ஆனால் ஒன்று மாறியிருக்கும். உண்மையில் 1945 மே தொடக்கத்தில் ரங்கூன் பிரிட்டிஷார் கைக்கு மீண்டது. நேதாஜி அதற்கு முன்பே, ஏப்ரல் 24 அன்று, அங்கிருந்து வெளியேறிவிட்டார். திமாப்பூரை மீட்பதிலேயே ஒரு வறண்ட பருவம் கழிந்திருந்தால், பர்மாப் படையெடுப்பு ஓராண்டு தள்ளிப்போயிருக்கும். ஜப்பானோடு சேர்ந்திருந்த பர்மியத் தளபதி ஆங் சான் 1945 மார்ச்சில் ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பிய காரணமும் அப்போது எழுந்திராது. ஆகஸ்டில் நேதாஜி ரங்கூனில், குலையாத ஒரு படையுடன் இருந்திருப்பார். சைகோனிலிருந்து தைவானின் தைஹோக்குவுக்குப் போய் விபத்துக்குள்ளான அந்த விமானத்தில் ஏற வேண்டிய தேவையே இருந்திராது.

அப்போது செங்கோட்டையில் யார் நிற்பார்கள்? 1945 நவம்பர் 5 அன்று அங்கே தொடங்கிய விசாரணையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரும் நின்றனர். பூலாபாய் தேசாய் வாதாடினார். நேருவும் பல ஆண்டுகளுக்குப் பின் வழக்கறிஞர் அங்கியை அணிந்தார். ஆயுள் நாடு கடத்தல் என்று வந்த தண்டனையைத் தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரியில் நீக்கினார். அடுத்த மாதமே மும்பையில் கடற்படையினர் கிளர்ந்தார்கள். மூன்று அதிகாரிகளின் வழக்கே நாட்டை இப்படி உலுக்கியது என்றால், அந்தக் கூண்டில் நேதாஜியே நின்றிருந்தால் பிரிட்டிஷ் அரசால் விசாரணையைத் தொடங்கவே முடிந்திருக்காது என்பது என் துணிபு. ஆனால் என் நாவலில் அந்த விசாரணை நடக்கிறது. வழக்கைத் தொடுப்பது பிரிட்டிஷ் அரசு அல்ல; மலாயாவிலிருந்து கப்பலில் திரும்பிய ஒரு தமிழ்க் கைம்பெண் மனு கொடுக்கிறாள். தன் கணவன் போன ரயில் பாதையைப் பற்றி உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று அவள் நேதாஜியிடம் கேட்கிறாள். அவருடைய பதிலை நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

நடைமுறையில் தொடங்க வேண்டிய இடத்தையும் கேட்டிருந்தீர்கள். நாயகனைப் போர்வீரனாக வைக்காதீர்கள். திமாப்பூர்க் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதும் ஒரு தஞ்சாவூர்க்காரரை வையுங்கள். மறுபக்கத்தில், பர்மாவின் மேமியோவில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஜான்சி ராணிப் படைப் பெண்ணை வையுங்கள். தில்லிக்கு வர முடிந்தால், செங்கோட்டையில் 2019இல் திறக்கப்பட்ட நேதாஜி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, இந்திய தேசிய ராணுவத்தினரைச் சிறை வைத்திருந்த சலீம்கட் கோட்டைக்கும் போங்கள். அதன்பின் ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வாசகர் அட்டை எடுத்து, ராணுவக் கோப்புகளுக்கு முன்னால், 1942 டிசம்பரில் உருவான உணவுத் துறையின் கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த மாதம், எந்த ரயிலில், எங்கிருந்து எங்கே அரிசி போனது என்பது தெரிந்தால், உங்கள் அத்தியாயங்களின் வரிசை தானாகவே பிடிபடும்.