ஆன்லைனில் கார் ஸ்டீரியோ: 8 ஜிபியை விடுங்கள், கப்ளரைப் பாருங்கள்

கேள்வி: 2018 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வைத்திருக்கிறேன். கம்பெனி ஸ்டீரியோவில் பாட்டு, ப்ளூடூத் மட்டும்தான். மேப் பார்க்க டச் ஸ்கிரீன் போட ஆசை. ஆன்லைனில் 9 இன்ச் ஆண்ட்ராய்டு செட், 8 ஜிபி ராம், 128 ஜிபி மெமரி என்று போட்டு 6,499 ரூபாய்க்கு வருகிறது. உள்ளூர்க் கடையில் 17,000 சொல்கிறார்கள். ஆன்லைனில் வாங்கினால் ஏமாந்துவிடுவேனா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஆன்லைனில் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அந்த 6,499 ரூபாய் செட் வேண்டாம். 8 ஜிபி ராம், 128 ஜிபி மெமரி உள்ள சாதாரண செல்போனே அந்த விலைக்குக் கிடைப்பதில்லை. 9 இன்ச் திரை, ஆம்ப்ளிஃபயர், ஃப்ரேம், வயரிங் எல்லாம் சேர்த்து ஒருவர் எப்படித் தருவார்?

இப்படி வாங்கிய செட்டுடன் ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். மேப் போட்டால் பாட்டு நின்றுவிடுகிறது என்பது புகார். செட்டிங்ஸில் ‘ஆண்ட்ராய்டு 13, 8+128’ என்று பளிச்சென்று இருந்தது. அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதி அனுப்பலாம். செட்டின் உள் விவரங்களைக் காட்டும் எய்டா64 ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். ஏபிஐ லெவல் (ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ள உள் எண்) 27 என்று காட்டியது. ஆண்ட்ராய்டு 13 என்றால் 33 வரவேண்டும். 27 என்பது ஆண்ட்ராய்டு 8.1. ராம் முழுசாக 1 ஜிபி கூட இல்லை. இன்னும் கெட்டிக்காரப் போலிகள் இந்த ஆப்பையும் ஏமாற்றும். அதற்கு ஒரு வழி, பென் டிரைவிலிருந்து 20, 30 ஜிபி வீடியோக்களை உள்ளே காப்பி செய்து, கடைசியாக ஏற்றியதை ஓட்டிப் பார்ப்பது. இடம் இல்லாத செட் அங்கே மாட்டிக்கொள்ளும்.

சத்தத்துக்கென்று விளம்பரத்தில் போடும் ‘60 வாட் x 4’ என்பதையும் கண்டுகொள்ளாதீர்கள். எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பதே 14 வோல்ட் சொச்சம். அதை வைத்துக்கொண்டு செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சிப், 4 ஓம் ஸ்பீக்கருக்கு இரைச்சலில்லாமல் தருவது சேனலுக்கு 20 வாட் பக்கம்தான்.

உங்கள் தேவை மேப். அப்படியானால் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவே எதற்கு? ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வேறு, ஆண்ட்ராய்டு ஆட்டோ வேறு. பலரும் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, டேஷ்போர்டில் மாட்டிய டேப்லெட். இரண்டாவதில் வேலை செய்வது உங்கள் போன். செட் அதைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். சோனி, பயனியர், ஜேபிஎல் போன்றவர்கள் இந்த வகை ரிசீவர்களை விற்கிறார்கள். திரை சற்றுச் சின்னதாக இருக்கும். ஆனால் ராம் எத்தனை ஜிபி என்ற கேள்வியே எழாது. நான் என் வண்டிக்கு வாங்கினால் இதைத்தான் வாங்குவேன்.

எதை எடுத்தாலும், பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் செட்டின் பின்பக்கப் போட்டோவும் கூடவே வரும் கப்ளரின் (வண்டியின் வயரிங்கில் செட்டைச் சொருகும் பிளக்) போட்டோவும் கேளுங்கள். ‘எல்லா காருக்கும் பொருந்தும்’ என்று சொன்னால், உங்கள் வண்டிக்கான கப்ளர் இல்லை என்று அர்த்தம். உங்கள் ஸ்விஃப்டில் கம்பெனி செட் டேஷ்போர்டின் வடிவத்துக்கேற்ப வந்தது. கழற்றினால் மிச்சமாகும் ஓட்டைக்கு அந்த மாடலுக்கென்றே ஃப்ரேம் வேண்டும். ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்யவேண்டுமானால் அதற்கான வயரும் கப்ளரில் இருக்கவேண்டும். கப்ளர் சரியாக இருந்தால் ஒரு வயரைக்கூட வெட்டாமல் சொருகிவிடலாம். இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் கம்பெனி வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றுவார். ஒரு மழைக்காலம் போனதும் எங்கே லூஸ் என்று தேடி அலையவேண்டியது நீங்கள்தான். வாரண்டி முடியாத புது வண்டியில் வயரை வெட்டினால் அந்த வாரண்டிக்கும் வம்பு.

விற்பவர் யார் என்பது அடுத்தது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, பொருள் தயாரான நாடு, திருப்பி எடுக்கும் நிபந்தனை எல்லாம் தளத்தில் தெரியவேண்டும். ‘மாற்றித் தருவோம்’ என்று மட்டும் போட்டிருந்தால் பணம் திரும்பாது. இன்னொரு ஓட்டைச் செட்தான் வரும். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தொட்டு, வாட்ஸ்அப்பில் பேசி, க்யூஆர் கோடுக்கு முன்பணம் அனுப்பும் வழியே வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் உடனே 1930-க்கு, அதாவது சைபர் மோசடி உதவி எண்ணுக்குக் கூப்பிடவேண்டும். பில் உள்ள பொருளில் தகராறு என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

ஆர்டர் போடும் முன் மாட்டித் தருபவரிடம் தேதி வாங்கிவிடுங்கள். பெட்டி வந்து பத்து நாள் பீரோவில் கிடந்தால் ரிட்டர்ன் காலம் முடிந்திருக்கும். பார்சலை ஒட்டு பிரிக்காத நிலையிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டே திறங்கள். வண்டியில் ஏற்றும் முன் மேசையிலேயே ஓட்டிப் பார்க்கலாம்: 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸில் மஞ்சளும் சிவப்பும், மைனஸில் கறுப்பு. பெரும்பாலான செட்டில் இதுதான் நிறம். ஆனாலும் செட்டின் மேல் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்தே கரண்ட் கொடுங்கள். டிரைவர் உட்காரும் பக்கத்திலிருந்து சாய்வாகத் திரையைப் பாருங்கள். மட்டமான திரை அங்கிருந்து வெளுத்துத் தெரியும்.

மேசையில் செய்த அதே இணைப்பை வண்டியில் செய்ய விடாதீர்கள். மஞ்சள் எப்போதும் கரண்ட் உள்ள வயர், சிவப்பு வயர், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருவது. சாவி வயரைத் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் முறுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வண்டியை நிறுத்திய பிறகும் செட் 0.3 ஆம்பியர் உறிஞ்சினால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-ஹவர் போகும். சின்னக் கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர் பக்கம்தான். ஐந்து நாள் ஊருக்குப் போய் வந்தால் வண்டி தள்ளு ஸ்டார்ட். மாட்டி முடித்ததும் சாவியை எடுத்துவிட்டு மல்டிமீட்டரில் காட்டச் சொல்லுங்கள். சில பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது.

ஆண்ட்ராய்டு செட்தான் வேண்டும் என்று முடிவு செய்தால் இன்னொன்று. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற வைரஸ் வலையமைப்பு பற்றி ஒரு எச்சரிக்கை விட்டது. விலை குறைந்த டிவி பெட்டிகளோடு, வெளியில் வாங்கி மாட்டும் கார் இன்ஃபோடெயின்மென்ட் செட்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. சிலவற்றில் வாங்கும் முன்பே வைரஸ் ஏறியிருக்கிறது. அதனால் செட்டுக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் ஆப், யூபிஐ எதையும் அதில் போடாதீர்கள்.

கழற்றிய கம்பெனி ஸ்டீரியோவைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ‘பழசுதானே சார், 500 ரூபாய் தர்றேன்’ என்பார்கள். பரணில் போட்டு வையுங்கள். புது செட் ரிப்பேருக்குப் போகும் நாளில் ஐந்து நிமிடத்தில் சொருகிக்கொள்ளலாம், நீங்கள் வயரை வெட்டியிருக்காவிட்டால்.