ஆரஞ்சு கார் எடுத்தா பொறவு விக்கவே முடியாதா? கார் கலர் கேள்வி-பதில்

ஆடில யாரும் புது வண்டி டெலிவரி எடுக்க மாட்டாங்க, ஆவணி முகூர்த்தத்துக்கு இப்பவே புக் பண்ணி வைப்பாங்க, அதனால இந்தத் தடவ வந்த கேள்வில முக்கால்வாசி கார் கலர் பத்தித்தான். வீட்டுக்கு வீடு இதுல பெரிய பஞ்சாயத்தே நடக்குதுன்னு தெரியுது.

கேள்வி, வண்ணார்பேட்டையில் இருந்து: அண்ணாச்சி, எங்க வீட்டுக்கு இதான் மொத கார். வீட்லயும் மவளும் ஆரஞ்சுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்காங்க. எங்க அப்பா வெள்ளை, இல்லன்னா சில்வர், வேற கலர்னா நா ஏறவே மாட்டேங்காவ. மச்சான் வேற "ஆரஞ்சு எடுத்தா பொறவு ஒருத்தனும் வாங்க மாட்டான் அத்தான்"னு பயமுறுத்துதான். நா யாரு பேச்சக் கேக்க?

பதில்: தம்பி, மொதல்ல இத சொல்லுங்க, வண்டிய எத்தன வருசம் வச்சிருக்கப் போறீங்க? மூணு நாலு வருசத்துல மாத்துற ஆளுன்னா மச்சான் சொல்லுதது சரி, வெள்ளையோ கிரேயோ எடுத்துருங்க. ஆனா நம்ம பக்கம் மொத கார் எடுக்குதவங்க பெரும்பாலும் எட்டு பத்து வருசம் ஓட்டித்தான் விடுதாங்க. அவ்வளவு வருசம் கழிச்சு வாங்க வாறவன் கிலோமீட்டர் எவ்வளவு, எத்தனாவது ஓனர், சர்வீஸ் ரெக்கார்ட் இருக்கா, அடிபட்ட வண்டியான்னுதான் கேப்பான், கலர் அதுக்கெல்லாம் பின்னாடி. ஆரஞ்சுன்னா வெல தரைமட்டமா எறங்கிரும்ங்கிறது இல்ல, பாக்க வாற ஆளு கம்மியா இருக்கும், அவ்வளவுதான் விசயம், அவசரத்துக்கு விக்கவன் எறக்கிக் குடுப்பான், ரெண்டு மாசம் பொறுத்தவன் கேட்ட வெலைக்குப் பக்கத்துல வாங்கிருவான். புரோக்கர் வெலையக் கொறைக்க மொதல்ல புடிக்கிறது கலரத்தான், அத வச்சு முடிவு பண்ணாதீங்க. இன்னொண்ணு, வெள்ளைன்னா சுலபமா வித்துரும்னு சொல்லுதாங்களே, டாக்சிக்கு ஓடுறதுல பெரும்பாலும் வெள்ளைதான், அதனால பழைய வெள்ளை வண்டியப் பாத்த உடனே "வாடகைக்கு ஓடுனதா"ன்னு மொத கேள்வி வரும், அதையும் மச்சான்கிட்ட சொல்லுங்க.

அப்பா சொல்லுததுலயும் ஞாயம் இருக்கு, அத தள்ளிராதீங்க. 2011ல கலிபோர்னியால லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்காரங்க ஒரே மாடல்ல கருப்பு ஒண்ணு, சில்வர் ஒண்ணு எடுத்து வெயில்ல நிறுத்திப் பாத்தாங்க, சில்வர் வண்டிக்குள்ள 5, 6 டிகிரி சூடு கம்மியா இருந்திருக்கு. பாளையங்கோட்டை சித்திரை வெயில்ல 5 டிகிரிங்கிறது சின்ன விசயமா? ஆனா ஆரஞ்சு ஒண்ணும் கருப்பு இல்ல, வெள்ளை அளவுக்கு இல்லன்னாலும் கருப்பு, கருநீலத்தவிட தேவல. அப்பாகிட்ட இத எடுத்துச் சொன்னா கேப்பாவ.

இப்ப காசு விசயம். யாரும் அதிகமா கேக்காத கலர் டீலர் வண்டி நிறுத்தி வைக்கிற யார்டுல தங்கி நிக்கும், டீலருக்கு அத தள்ளி விடணும், அங்கதான் நீங்க பேரம் பேசணும். "எங்களுக்கு எந்தக் கலரும் சரிதான், ஆரஞ்சுக்கு என்ன கொறைப்பீங்க"ன்னு கேளுங்க, மவள ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போவாதீங்க, அவ மூஞ்சியப் பாத்தே சேல்ஸ்மேன் கண்டுபுடிச்சிருவான். ஆனா கொறைச்சுத் தாரேன்னு சொன்னா வண்டி எந்த மாசம் தயாரிச்சதுன்னு சேஸிஸ் நம்பர வச்சு செக் பண்ணுங்க, ரொம்ப நாள் வெயில்ல நின்ன வண்டின்னா பேட்டரியையும் டயரையும் பாத்துட்டு எடுங்க. சில கலர் டாப் வேரியண்ட்ல மட்டும்தான் வரும், கூரை மட்டும் கருப்பா வேணும்னா அதுக்குத் தனி காசு, கலருக்காக ஒரு வேரியண்ட் மேல ஏறாதீங்க, அந்தப் பணத்துக்கு ரெண்டு வருச இன்சூரன்ஸே கட்டிரலாம்.

பெயிண்ட் எந்த வகைன்னும் கேளுங்க, யாரும் கேக்க மாட்டேங்காங்க, இதான் பின்னாடி செலவு வைக்கிறது. சாதா சாலிட் கலர்னா கலர் ஒரு கோட், மேல கிளியர் கோட்னு கலர் இல்லாத பளபளப்புப் பூச்சு, முடிஞ்சது. மெட்டாலிக்ல பொடிப்பொடியா அலுமினியத் தூள் கலந்திருக்கும். முத்து மாதிரி மினுங்குற மூணு கோட் பேர்ல்னா அடிக் கலர், அதுக்கு மேல பேர்ல் கோட், அதுக்கும் மேல கிளியர். நெல்லையப்பர் கோயில சுத்தி ரத வீதில ஓட்டுற வண்டிக்கு பம்பர் மூலையில ஒரு கோடாவது விழாம இருக்காது, ஆட்டோக்காரன் ஒரசுவான், பைக்குக்காரன் ஹேண்டில்பார வச்சு இழுப்பான். சாலிட் கலர்னா லோக்கல் பெயிண்டர்கூட சுமாரா சேத்துருவாரு. மூணு கோட் பேர்ல்ல அடி விழுந்தா கதவு மட்டும் அடிச்சா பக்கத்துல சக்கரத்துக்கு மேல இருக்க தகடு, அதான் ஃபெண்டர், வேற கலரா தெரியும், அதனால ஃபெண்டர் வரைக்கும் கலர இழுத்து மங்கலாக்கி அடிக்கணும், கூலி கூட ஆவும். நீங்க பாத்த ஆரஞ்சு எந்த வகைன்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க.

கடைசியா, கலர ஷோரூம் லைட்டுல பாத்து முடிவு பண்ணாதீங்க. வண்டிய வெளிய எடுக்கச் சொல்லி உச்சி வெயில்ல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ பாருங்க. உள்ள செங்கல் மாதிரி தெரிஞ்ச ஆரஞ்சு வெயில்ல பளீர்னு கண்ணக் கூசும். அப்பவும் வீட்ல ரெண்டு பேருக்கும் புடிச்சிருந்தா ஆரஞ்சையே எடுங்க தம்பி. பத்து வருசம் தெனமும் பாக்கப் போறது நீங்க, வாங்க வாறவன் இன்னும் எங்க இருக்கான்னே தெரியாது.

கேள்வி, திசையன்விளையில் இருந்து: கருப்பு கார் மேல எனக்கு சின்ன வயசுலருந்தே ஆச அண்ணாச்சி. எங்க ஊரு தேரி மண்ணுக்கு ஆவாதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க, நெசமா?

பதில்: நெசந்தான், சொல்லுததுக்கு வருத்தமா இருக்கு. உங்க ஊரு செம்மண் வெறும் தூசி இல்ல, குருமணலு, காத்தடிச்சா வண்டி மேல படிஞ்சிரும். காலைல எந்திச்சு காஞ்ச துணிய வச்சு ஒரு தொட தொடச்சீங்கன்னா அந்த மணலே உப்புத்தாள் மாதிரி கிளியர் கோட்ட கீறிரும். எந்தக் கலர்லயும் கீறல் விழும், கருப்புலதான் வெயில்ல நிறுத்துனா வட்ட வட்டமா சிலந்தி வல போல அத்தனையும் தெரியும். போர் தண்ணி வேற உப்பு, கழுவிட்டு நெழல்ல தொடைக்காம விட்டா வெள்ளத் திட்டு நிக்கும். அப்புறம் பாதுகாப்பு, 2007ல ஆஸ்திரேலியால மொனாஷ் யுனிவர்சிட்டி பாத்த ஆய்வுல பகல் நேரத்துல வெள்ளைய விட கருப்பு வண்டிக்கு விபத்து ரிஸ்க் 12 சதவீதம் வரைக்கும் கூட இருந்திருக்கு.

உங்க ஊருக்கு பீஜ், பிரவுன், காக்கி மாதிரி மண் கலர்தான் ஒத்து வரும், தூசி படிஞ்சாலும் தெரியாது. ஹூண்டாய் எக்ஸ்டர் கார்ல ரேஞ்சர் காக்கின்னு ஒரு கலர் உண்டு, ஒரு தடவ நேர்ல போய்ப் பாருங்க. கருப்புதான்னு முடிவாயிட்டா ஒரு ஷெட் போடுங்க, மொதல்ல தண்ணிய பீச்சி மண்ண எறக்கிட்டு பொறவு துணி வைங்க. கடல் காத்துக்கு துரு புடிக்குமான்னு பயப்படுதவங்களுக்கும் சேத்து சொல்லுதேன், அதுக்கும் கலருக்கும் சம்பந்தமே இல்ல, வண்டிக்கு அடில கழுவுறதுதான் முக்கியம்.

கேள்வி, அம்பாசமுத்திரத்தில் இருந்து: பழைய வெள்ளை ஜீப்பு ஒண்ணு இருக்கு. மிலிட்டரி பச்சைல மேட் ஸ்டிக்கர் ஒட்டலாம்னு பசங்க சொல்லுதாங்க. ஒட்டவா?

பதில்: வேண்டாம் தம்பி. ஆலிவ் கிரீன் ராணுவ வண்டிக்கு மட்டும்தான், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 121வது விதியே அதுக்குத்தான் இருக்கு. ஸ்டிக்கர்தானன்னு நினைக்காதீங்க, ஆர்சில வெள்ளைன்னு இருக்கு, ரோட்டுல பச்சை வண்டி வருதுன்னா நிறுத்திக் கேக்கத்தான் செய்வாங்க, நாளைக்கு ஒரு ஆக்சிடெண்ட்னா இன்சூரன்ஸ்காரனும் அதையே புடிச்சுக்குவான். வேற கலர் மாத்தணும்னா ஆர்டிஓ ஆபிஸ்ல எழுதிக் குடுத்து ஆர்சில ஏத்திட்டு, இன்சூரன்ஸ்லயும் சொல்லிட்டு மாத்துங்க. கம்பெனிலருந்தே வாற பச்சை, காக்கிக்கு இந்தப் பிரச்சன கெடயாது.

மேட், அதான் மினுக்கம் இல்லாத பூச்சு, நம்ம ஊருக்கு எந்தக் கலர்லயும் நா சொல்ல மாட்டேன். பூச போடும்போது பானட்டுல சந்தனமும் குங்குமமும் தடவுவோம், மேல எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு விடுவாங்க, வெயில்ல அது காஞ்சு கற புடிச்சிட்டுன்னா மினுமினு பெயிண்ட்ட பாலிஷ் போட்டு எடுத்துரலாம், மேட்ல பாலிஷ் போட்டா அந்த எடம் மட்டும் மினுங்கும், முழு பானட்டையும் திரும்ப அடிக்கணும். காக்கா எச்சத்துக்கும் இதே கததான்.

கேள்வி, செகண்ட் ஹேண்ட் செவப்பு கார் ஒண்ணு பாத்திருக்கேன், பானட் மட்டும் லேசா வெளிறி இருக்கு, வாங்கலாமா?

பதில்: ஈரத்துணிய வச்சு பானட்டத் தேச்சுப் பாருங்க தங்கச்சி. வெளிறல் போயி கலர் திரும்புதுன்னா மேலோட்டம், பாலிஷ்ல சரியாவும். திட்டுத் திட்டா வெள்ளையா தோல் உரியுற மாதிரி இருந்தா கிளியர் கோட் போயிட்டு, திரும்ப பெயிண்ட் அடிக்கிற செலவ வெலைல கழிச்சுக் கேளுங்க. கதவு ரப்பர் ஓரத்துலயும் உள் மடிப்புலயும் பெயிண்ட் தூறல் தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா அது ஏற்கனவே அடிச்ச வண்டி. மெக்கானிக்கிட்ட பெயிண்ட் கனம் பாக்குற மீட்டர் இருந்தா வச்சுப் பாக்கச் சொல்லுங்க, கம்பெனி பெயிண்ட் சாதாரணமா 100லருந்து 150 மைக்ரானுக்குள்ள காட்டும், ஒரு எடத்துல மட்டும் 500க்கு மேல எகிறுச்சுன்னா உள்ள பள்ளத்த அடைச்ச பட்டி இருக்கு, அது அடிபட்ட எடம். பம்பர் பிளாஸ்டிக், அதுல அந்த மீட்டர் வேல செய்யாது, அங்க கண்ணாலதான் பாக்கணும்.