கைக்குழந்தைக்குச் சளி, காய்ச்சல்: மருத்துவர் ஒன்று சொல்ல, மாமியார் வேறொன்று சொன்னால் என்ன செய்வது?

பராமரிப்பு நிலையத்தில் சேர்த்த சில நாள்களிலேயே 7 மாதக் குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டதென்றும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரின் கைவைத்தியத்தால் வீட்டில் பேச்சு முற்றுகிறதென்றும் எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. உங்கள் மாமியாரின் இடத்தில் மாயவரத்திலிருந்து வந்திருந்த என் அம்மா, உங்கள் இடத்தில் என் மனைவி, இருவருக்கும் நடுவில் நான்.

மகளுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கிய மூன்றாம் நாள் இரவு காய்ச்சல் 38.6 பாகை செல்சியஸைத் தொட்டது. மறுநாள் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிசோதித்த மருத்துவர், வைரஸால் வந்த சளி இது, ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்று கூறி, எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமாலும் மூக்கில் விட உப்புநீர்ச் சொட்டும் மட்டும் கொடுத்தனுப்பினார். இவ்வளவுதானா என்று எங்களுக்கே மனம் ஆறவில்லை எனும்போது, அம்மாவைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? அன்று மாலையே குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டார், மார்பில் தைலம் தடவினார். இருமல் கூடியது, மனைவி அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த முறை மருந்தகத்துக்கு அம்மாவையும் அழைத்துச் சென்றேன். புகை குழந்தையின் மூச்சுக்குழாயை உறுத்தும், கற்பூரம் கலந்த தைலம் இந்த வயதுக்கு ஆகாது, ஒரு வயது நிறையும்வரை தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது என்று தமிழ் பேசும் தாதி ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நான் பத்து முறை சொன்னதுதான். ஆனால் நான் சொன்னதெல்லாம் மருமகள் சொல்லிக்கொடுத்ததாகவே அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது.

அதே அம்மாதான், குழந்தை பாலைத் தள்ளிவிடுவது பசியின்மையால் அல்ல, மூக்கடைப்பால் என்று முதலில் கண்டுகொண்டவர். பாலூட்டுவதற்குச் சற்று முன்னர் சொட்டு விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்தபோது மகள் குடித்தாள். விடியற்காலை மூன்று மணிக்குத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நடைபாதையில் உலாத்தும் பொறுமையும் அவருக்கு மட்டுமே இருந்தது. எனவே மருந்தை நாங்களும் இரவின் பிற்பகுதியை அவரும் பார்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. மருந்து கொடுத்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வைத்தோம். இல்லையெனில் ஒரே வேளை மருந்தை இருவர் கொடுத்துவிடுவார்கள்.

விடுப்பில்தான் நாங்கள் ஏமாந்தோம். குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருந்தால், தகுதிபெறும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பதற்றத்தில் இருவரும் ஒரே நாள்களில் எடுத்து அதில் பாதியை முதல் சளியிலேயே தீர்த்துவிட்டோம். பராமரிப்பு நிலையத்தில் அடுத்த மாதமே கை, கால், வாய்ப்புண் நோய் வந்தது. மாறி மாறி எடுங்கள்.

காய்ச்சல் இறங்கிய பின்னும் இருமல் இரண்டு வாரம் நீடிக்கலாம். அதற்காக அஞ்ச வேண்டாம். ஆனால் மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுந்தாலோ, வழக்கத்தில் பாதியளவு பால்கூட இறங்காவிட்டாலோ, பல மணி நேரம் டயப்பர் நனையாவிட்டாலோ, நள்ளிரவானாலும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள். போகும்போது அந்த நோட்டை மறக்காதீர்கள். கடைசியாக மருந்து கொடுத்தது எப்போது என்றுதான் முதலில் கேட்பார்கள்.