அந்த மெயில் யாருடையது?

கேள்வி: என் மகன் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இந்த ஆண்டு மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறான். கடைசி வருடம் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைக்க, இப்போதே வெளியில் கோர்ஸ் படிக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு சென்டரில் 40,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? படிப்பு கெடக்கூடாது என்று கல்லூரியிலிருந்து வரும் மெயிலைக்கூட நானே பார்த்துப் பதில் போட்டுவிடுகிறேன்.
- ஒரு தந்தை, ஈரோடு

பதில்: 40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். என்பிடெல் (NPTEL) என்ற இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களில் சேரக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். வாராந்தர அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அதையும் இரண்டாவது செமஸ்டரில் பார்க்கலாம். முதல் செமஸ்டரில் கணிதத்தில் அரியர் விழாமல் இருக்கட்டும். பல கம்பெனிகள் பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம் கேட்கின்றன, நிலுவையில் அரியர் இருந்தால் தங்கள் வேலைத் தேர்வை எழுதவே விடுவதில்லை.

கோர்ஸ் விஷயம் அவ்வளவுதான். உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். கல்லூரி அவனிடம் கேட்கிறது, பதில் உங்களிடமிருந்து போகிறது. என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்று பையனுக்கே தெரியாது. நாலாவது வருடம் ஆன்லைன் டெஸ்ட் லிங்க் வரும், சில மணி நேரத்தில் காலாவதியாகும். நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள், ஓடிபி உங்கள் போனுக்கு வரும். 40,000 ரூபாய் கோர்ஸ் அங்கே என்ன செய்யும்?

புதிதாகச் சேருபவனிடம் கம்பெனி எதிர்பார்ப்பது பெரிய வித்தை இல்லை. புரியாததைக் கேட்க வேண்டும். வேலை தாமதமாகும் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாலு வரியில் தெளிவாக எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தைத்தான் அவனுக்கு வராமல் செய்கிறீர்கள். இதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், தவறு. படிக்க வைப்பது தகப்பன் கடமை, அவன் வேலையைச் செய்வது கடமையில் சேராது. நாளை உங்கள் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கிளெய்முக்கு அவன்தானே எழுத வேண்டும்? இன்று பழகாதவன் அன்று எப்படி எழுதுவான்?

அடுத்த முறை அவன் வீட்டுக்கு வரும்போது பக்கத்தில் உட்காருங்கள், போன் அவன் கையில் இருக்கட்டும். சேர்க்கையின்போது கொடுத்தது ஜிமெயில் என்றால், கூகுள் அக்கவுண்டின் செக்யூரிட்டி பகுதியில் ரெகவரி போன் என்று இருக்கும். அங்கே உங்கள் எண்ணை எடுத்துவிட்டு அவன் எண்ணைப் போடட்டும். பாஸ்வேர்டை அவனே மாற்றட்டும், உங்களிடம் சொல்ல வேண்டாம். உங்கள் போனில் அந்தக் கணக்கை நீக்குங்கள். கல்லூரி அலுவலகத்தில் மாணவர் எண் என்ற இடத்தில் உங்கள் எண் இருந்தால், அதை மாற்ற அவனே விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும்.

அடுத்து அவன் ஆசிரியருக்கு ஒரு மெயில் எழுத வேண்டும். லேப் ரெக்கார்டு தாமதமாகிறது என்றே வைத்துக்கொள்வோம். சப்ஜெக்ட் வரியில் பெயர், ரோல் நம்பர், விஷயம். அதைக் காலியாக விட்டால் நூறு மெயிலுக்கு நடுவில் காணாமல் போகும். உள்ளே: யார், என்ன நடந்தது, என்ன வேண்டும், என்றைக்குள் முடிப்பேன். ஃபைலை முதலில் இணைத்து, பெறுபவர் முகவரியைக் கடைசியில் டைப் செய்தால் அரைகுறையாக மெயில் போகாது. ஃபைலுக்குப் பெயராக ரோல் நம்பரும் பாடமும் இருக்கட்டும். அனுப்பும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படிக்கட்டும்.

பிழை இருக்கும். திருத்திக் கொடுக்காதீர்கள், ஆசிரியர் திருத்துவார். வாரம் ஒரு முறை போனில் கேளுங்கள், இந்த வாரம் யாருக்கு என்ன எழுதினாய் என்று. சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள், எடுத்துக் காட்டு என்று சொல்லாதீர்கள்.