தைராய்டு மாத்திரை டோஸ் ஏத்தினா வெயிட் குறையுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயசு. ரெண்டாவது டெலிவரிக்கு அப்புறம் 61 கிலோவுல இருந்து 74 ஆயிட்டேன். டெஸ்ட்ல டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைஞ்சா ஏறற ஹார்மோன்) 18னு வந்துச்சு, ஆறு மாசமா மாத்திரை போடறேன், இப்ப 75 மைக்ரோகிராம் டோஸ், டிஎஸ்எச் 2.6. ஆனா குறைஞ்சது 3 கிலோதான். ஜிம் மெஷின்ல கொழுப்பு 38 சதவீதத்துல இருந்து 39 ஆயிடுச்சுன்னு காட்டுது, பிஎம்ஆரும் (சும்மா இருக்கும்போதே உடம்பு எரிக்கற கலோரி) இறங்கியிருக்கு. 100 போட்டா மெலிஞ்சிடலாம்னு நாத்தனார் சொல்றாங்க, ஏத்திக்கவா? முடி கொட்டுதுன்னு பயோட்டின்ங்கற விட்டமின் மாத்திரையும் சாப்பிடறேன்.

பதில்: வெயிட்டுக்காக ஏத்தாதீங்கம்மா.

முதல்ல அந்த மெஷின் கதைய முடிச்சிடலாம். 74 கிலோவுல 38 சதவீதம்னா 28 கிலோ சொச்சம். 71ல 39 சதவீதம்னாலும் கிட்டத்தட்ட அதே 28 தான். அப்ப கொழுப்பு அதிகமாகல, போன 3 கிலோ பெரும்பாலும் தண்ணி. அந்த மெஷின் உடம்புக்குள்ள லேசா கரண்ட் விட்டு எவ்வளவு தண்ணி இருக்குன்னு கணக்கு போடுது, தண்ணி எல்லாம் கொழுப்பில்லாத எடைங்கற கணக்குலதான் போய் சேரும், அதனால தண்ணி வடிஞ்சா ஏதோ தசையே கரைஞ்ச மாதிரி காட்டும். பிஎம்ஆரும் அது அளந்து சொல்றது இல்ல, அந்த கொழுப்பில்லாத எடைய ஒரு ஃபார்முலாவுல போட்டு சொல்றதுதான்.

இந்த தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னா, தைராய்டு ஹார்மோன் குறைஞ்சா தோலுக்கு அடியில ஹயலூரானிக் ஆசிட் மாதிரி பொருள் சேரும், அது உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கும். காலைல மூஞ்சி உப்பி, மோதிரம் டைட்டாகி, விரலால அமுக்கினா குழிகூட விழாம இருக்கும் பாருங்க, அந்த வீக்கம்தான். மாத்திரை போட்டதும் முதல்ல வடியறது இதுதான்.

மெட்டபாலிசம் குறையறதும் நிஜம்தான். தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4ங்கற ஹார்மோனத்தான் தருது, அது திசுக்கள்ல டி3ங்கற வேகமா வேலை செய்யற வடிவமா மாறி செல் எவ்வளவு வேகமா எரிக்கணும், எவ்வளவு சூடு கிளப்பணும்னு முடிவு பண்ணுது. குறைஞ்சா குளிர் தாங்காது, மலச்சிக்கல், நாடி மெதுவாகும். ஆனா பசியும் மந்தமாயிடறதால நாம நினைக்கற அளவுக்கு கொழுப்பு சேர்றதில்ல. தைராய்டு பேர்ல எழுதக்கூடிய எடை பொதுவா ரெண்டரையில இருந்து நாலரை கிலோ வரைக்கும்தான். மீதி எட்டரையில இருந்து பத்தரை கிலோ பிரசவம், ராத்தூக்கம் இல்லாதது, குழந்தை மிச்சம் வச்ச சோறு (திட்டாதீங்க, எங்க வீட்லயும் இதே கதைதான்).

தேவைக்கு மேல டோஸ் போட்டா எடை இறங்கும், பொய் இல்ல. ஆனா கொழுப்போட தசையும் சேர்ந்து போகும். தானா டபுள் டோஸ் போட்டுக்கிட்ட ஒருத்தர் என்கிட்ட வந்தாங்க, ஆறு கிலோ குறைஞ்சிருந்துச்சு, ஆனா தரையில உக்காந்தா சுவத்தைப் பிடிக்காம எந்திரிக்க முடியல, தொடைத் தசை அப்படி கரைஞ்சிருந்துச்சு. நெஞ்சு படபடப்பு, துடிப்பு தாறுமாறாகறது, எலும்பு தேயறது இதெல்லாம் வேற. அமெரிக்காவுல இந்த மாத்திரை லேபிள்லயே எடை குறைக்கப் பயன்படுத்தாதீங்கன்னு கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கு.

நீங்க செய்ய வேண்டியது தசைய ஏத்தறது. வாரத்துல ரெண்டு மூணு நாள் வெயிட் தூக்குங்க, ஒவ்வொரு வேளையும் முட்டையோ சுண்டலோ பருப்போ இருக்கட்டும், மெஷினுக்கு பதிலா இடுப்பை இன்ச் டேப்ல அளங்க. மாத்திரைய வெறும் வயித்துல தண்ணியோட போட்டு அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சு காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க.

இன்னொன்னு, உங்க கேள்வியில கடைசியா சொன்ன பயோட்டின்தான் எனக்கு உறுத்துது. சில லேப் முறைகள்ல அது டிஎஸ்எச்ச நிஜத்தை விட குறைச்சுக் காட்டும். உங்க 2.6 நிஜமாவே 2.6 தானான்னு பாக்கணும். குறைஞ்சது ரெண்டு நாள் அதை நிறுத்திட்டு டெஸ்ட் திரும்ப எடுங்க. டிஎஸ்எச் அதிகமா வந்துச்சுன்னா உங்க டாக்டரே டோஸ ஏத்துவாங்க, ஏத்தினா ஆறுல இருந்து எட்டு வாரம் கழிச்சுதான் மறுபடி பாக்கணும், மாத்திரையில இருக்கற டி4 உடம்புல பாதியா குறையவே ஒரு வாரம் எடுத்துக்கும்.