"ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்": எதை நம்பி ஆய்வேட்டில் எழுதுவது?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வேலை விளம்பரங்களில் 'நோ ஐரிஷ் நீட் அப்ளை' என்ற வாசகம் வந்தது கட்டுக்கதை என்கிறது ஒரு கட்டுரை. பள்ளி மாணவி ஒருவர் அதைத் தவறென்று காட்டிவிட்டார் என்கிறது இன்னொன்று. எதை எழுதுவது? நானே சரிபார்க்க முடியுமா?

பதில்: அந்த விளம்பரங்கள் வந்தது உண்மை. தயங்காமல் எழுதலாம். எவ்வளவு பரவலாக வந்தன என்பதில்தான் கவனம் வேண்டும்.

2002இல் பேராசிரியர் ரிச்சர்ட் ஜென்சன் எழுதிய கட்டுரைதான் விவாதத்தைத் தொடங்கியது. வீட்டு வேலைக்குப் பெண்களைக் கேட்டவற்றில் சில உண்டு, ஆண்களுக்கானவை அநேகமாக இல்லை, கடை வாசல் பலகைகளுக்கோ சான்றே இல்லை, 1862 வாக்கில் பரவிய ஒரு பாட்டுதான் இந்த நினைவை வளர்த்தது என்பது அவர் வாதம். 2015இல் ரெபெக்கா ஃபிரைட் என்ற மாணவி, மின்னாக்கம் செய்யப்பட்ட பழைய நாளிதழ்களில் தேடி, ஆண்களுக்கானவை உட்படப் பல விளம்பரங்களையும், பலகைகள் பற்றிய அக்காலச் செய்திகளையும் எடுத்துக் காட்டினார். ஜென்சன் கட்டுரை வந்த அதே ஆய்விதழ்தான் இதையும் வெளியிட்டது.

ஜென்சன் முக்கியமாகத் தேடிய நியூயார்க் டைம்ஸ் தொடங்கியதே 1851இல்தான். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்த பெருங்கூட்டம் 1840களின் பிற்பகுதியிலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. சமையல்காரி, எடுபிடிப் பையன் தேடுபவர்கள் 1833இல் தொடங்கிய நியூயார்க் சன் போன்ற ஒரு சென்ட் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். தேடிய பெட்டி தவறானால் கிடைக்காமல் போவதில் வியப்பில்லை.

நீங்கள் தேட, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'க்ரானிக்ளிங் அமெரிக்கா' என்ற பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசம். நியூயார்க் மாநிலம், 1840 முதல் 1860 வரை என்று சுருக்குங்கள். முழு வாசகத்தை மட்டும் நம்பாதீர்கள். வரி விளம்பரத்தின் எழுத்து மிகப் பொடி; மையும் கசிந்திருக்கும். பக்கப் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் 'ஐரிஷ்' என்பதன் பெரிய 'ஐ'யைச் சிறிய 'எல்' என்று படித்துவிடும், தேடலில் சொல்லே சிக்காது. ஆகவே 'நீட் அப்ளை' என்று மட்டும் தேடி, பக்கப் படத்தைத் திறந்து கண்ணால் படியுங்கள். 'அமெரிக்கர் மட்டும்', 'புராட்டஸ்டண்ட் மட்டும்' என்பவற்றையும் தேடுங்கள். பெரும்பாலும் கத்தோலிக்கரான ஐரிஷ்காரரைப் பெயர் சொல்லாமலே தள்ளிவைக்க அந்தச் சொல் போதும். ஆனால் இவற்றைத் தனிப் பட்டியலாக வையுங்கள், நேரடி வாசகத்தோடு கலக்க வேண்டாம்.

எண்ணும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரே விளம்பரம் அடுத்தடுத்த நாள்களில் திரும்ப வரும். அதை ஒன்றாகவே கணக்கிடுங்கள். பாட்டு, நாடக அறிவிப்பு, தலையங்கம் எல்லாம் தேடலில் வந்து விழும், அவற்றை நீக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் நாளிதழ், தேதி, பக்கம், பத்தி, வேலை, ஆணா பெண்ணா என்று குறியுங்கள். ஆண், பெண் கணக்கைப் பிரிக்காவிட்டால் ஜென்சனுக்குப் பதில் சொல்லவே முடியாது.

விளம்பரம் குறைவு என்பதால் பாகுபாடு குறைவு என்று எழுதிவிடாதீர்கள். வாசலிலேயே முகத்தைப் பார்த்து அனுப்பியது எந்த நாளிதழிலும் அச்சாகவில்லை.

பலகைப் படம் எதையும் ஆய்வேட்டில் சேர்க்கும் முன் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இணையத்தில் விற்பவற்றில் புதிதாக அச்சடித்த அலங்காரப் பலகைகள் ஏராளம். பிரிட்டனில் வாடகை வீட்டு வாசல்களில் தொங்கியதாகச் சொல்லப்படும் 'கறுப்பர், நாய், ஐரிஷ்காரர் வேண்டாம்' பலகை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வேறு விவாதம். அதை இங்கே சான்றாக வைத்தால் தேர்வாளர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.