பிளாக் டிக்கெட்: கேள்வி பதில்

கேள்வி: பிரிட்டிஷ் ராக் குழு கோல்ட்பிளேயின் மும்பைக் கச்சேரிக்கு பிளாக்கில் லட்சங்களில் விலை சொன்னார்களே, அந்த விலை எங்கிருந்து வருகிறது?

பதில்: 2025 ஜனவரிக் கச்சேரி அது. டிக்கெட் 2,500 ரூபாயிலிருந்து 35,000 வரை. 2024 செப்டம்பர் 22 பகல் 12 மணிக்கு விற்பனை தொடங்கியதுமே டிக்கெட் விற்ற இணையதளம் திணறிவிட்டது. மூன்றாவது நாளைச் சேர்த்தும் போதவில்லை. டிக்கெட்டில் போட்ட விலைக்கும் கூட்டம் தரத் தயாராக இருக்கும் விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பிளாக்கில் விற்பவரின் வருமானம்.

கேள்வி: முதலிலேயே விலையை ஏற்றிவிட்டால் பிளாக் ஒழியுமே?

பதில்: ஒழியும், கூடவே சாதாரண ரசிகரும் வெளியே போய்விடுவார். 2024இல் பிரிட்டிஷ் ராக் குழு ஓயாசிஸின் கச்சேரிக்கு மணிக்கணக்கில் ஆன்லைன் வரிசையில் காத்திருந்தவர்கள், சுமார் 150 பவுண்டு டிக்கெட் 350ஐத் தாண்டி நிற்பதைப் பார்த்துக் கொதித்தார்கள். விலையைக் குறைத்து வைக்கும் கலைஞர், தனக்கு வரக்கூடிய பணத்தை ரசிகருக்காக விட்டுக்கொடுக்கிறார். அதை நடுவில் ஒருவர் அள்ளிக்கொண்டு போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: விருப்பப்பட்டுத்தானே வாங்குகிறார்கள், என்ன தப்பு?

பதில்: போக முடியாமல் தன் ஒரு டிக்கெட்டை விற்பவரிடம் தப்பே இல்லை. தானாகவே டிக்கெட் வாங்கும் பாட் மென்பொருளை ஓடவிட்டு நூற்றுக்கணக்கில் வளைப்பவர் வேறு ரகம்: தட்டுப்பாட்டைக் கூட்டிவிட்டு அதற்கே விலை கேட்கிறார். சிலர் கையில் இல்லாத டிக்கெட்டையே விற்கிறார்கள். வாசலில் க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகாதபோதுதான் வாங்கியவருக்கு விஷயம் தெரியும்.

கேள்வி: சட்டம் உதவுமா?

பதில்: அமலாக்கினால் உதவும். அமெரிக்கா 2016இலேயே பாட்களைத் தடை செய்தது. அந்தச் சட்டப்படி முதல் நடவடிக்கை 2021இல்தான் வந்தது. அயர்லாந்து அதே 2021இல், பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதையே தடுத்தது. எனக்கு இது பிடித்த வழி. லாபமே இல்லையென்றால் பாட் எதற்கு?

கேள்வி: கலைஞர்களால் ஏதாவது முடியுமா?

பதில்: முடியும். 2023 அமெரிக்கப் பயணத்தில் பிரிட்டிஷ் ராக் குழு தி க்யூர் 20 டாலருக்குக்கூட டிக்கெட் வைத்தது. பிறருக்கு மாற்ற முடியாது, வேண்டாமென்றால் அசல் விலைக்கே திருப்பி விற்கலாம். சில இடங்களில் மேலே சேர்த்த சேவைக் கட்டணங்கள் டிக்கெட் விலையையே மிஞ்ச, பாடகர் ராபர்ட் ஸ்மித் வெளிப்படையாகச் சண்டை போட்டார். டிக்கெட் விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் 5 முதல் 10 டாலர் வரை திருப்பித் தந்தது. ஆனால் நியூயார்க், இல்லினாய், கொலராடோ மாநிலங்களில் டிக்கெட்டை மாற்றும் உரிமையைச் சட்டமே காக்கிறது. அங்கே மட்டும் அந்தப் பூட்டைப் போட முடியவில்லை.